கத்தி படாத மருத்துவம்

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும்போது ஆறுதல் மொழிவது எளிது. விவரமறிந்து மொழிவது அரிது. இவ்வுண்மையை நாவலூரில் முதிய கட்டட மேஸ்திரி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் கற்றுக்கொண்டோம்.

பழைய மகாபலிபுரம் சாலையோரத்து வயல்வெளிகளில் பன்மாடிக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், சாரத்தின்மேல் நின்று உழைத்தவர் அவர். அகவை 71. நீங்காத இருமலுக்கு, சளிப் பரிசோதனையுமின்றி, சில மாதங்கள் காசநோய் மாத்திரைகளை விழுங்கினார். பின்னர் ஸ்கேன் எடுத்துத் திசுவையும் சோதித்தபோது, நுரையீரலின் ஓரத்தில் 2 சென்டிமீட்டர் அளவுள்ள புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. வேறெங்கும் பரவவில்லை, முதல் நிலையே. ஆயினும் பல்லாண்டுப் பீடிப் புகையால் மூச்சுத்திறன் குன்றியிருந்தமையால், அறுவை சிகிச்சை இயலாது என்றனர்.

“கத்தி வைக்க முடியாதுன்னுட்டாங்க சாமி. கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?” என்றார். நாமோ, “ஆண்டவரின் சித்தம், பொறுமையாயிரும்” என்றோம். அவர் மனைவி நம்மை ஏறிட்டுப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மருத்துவர் கைவிடாதவரை நாமல்லவா கைவிட்டோம்!

மறுவாரம் அவருடன் நாமும் மருத்துவரிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

முதலாவது, பழைய முறைக் கதிர்வீச்சு. ‘கரண்டு வைத்தல்’ என்று நம் மக்கள் சொல்வது இதுவே. நாள்தோறும் சிறிது சிறிதாக, 4 முதல் 7 வாரங்கள் வரை அளிக்கப்படும்.

இரண்டாவது, எஸ்.பி.ஆர்.டி. எனும் துல்லியக் கதிர்வீச்சு. பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் ஒன்றுகூடுகின்றன. மூச்சினால் கட்டி அசைவதையும் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் 3 முதல் 5 அமர்வுகள் போதும். கட்டி பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டியிருந்தால், ஆபத்தைத் தவிர்க்க அமர்வுகளைக் கூட்டுவர். களைப்பு, விலா எலும்பு வலி, சில மாதங்கள் கழித்து நுரையீரல் அழற்சி ஆகியவை நேரக்கூடும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 101 நோயாளரிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. பழைய முறையில் 31 சதவீதத்தினருக்குக் கட்டி அதே இடத்தில் மீண்டும் தலைதூக்கியது. துல்லிய முறையில் 14 சதவீதத்தினருக்கே அவ்வாறு நேர்ந்தது.

மூன்றாவது, ஸ்கேன் துணையுடன் மார்பின் வழியே ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டோ உறையவைத்தோ அழிப்பது. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கே மிகவும் ஏற்றது. ஆனால் நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. கதிர்வீச்சுக்கு வழியில்லாதோர்க்கு இது உதவும்.

நாவலூருக்கு வடக்கே தரமணியில் 2019இல் திறக்கப்பட்ட புரோட்டான் சிகிச்சை மையத்தைப் பற்றியும் கேட்டோம். இத்தகைய சிறு கட்டிக்குத் துல்லியக் கதிர்வீச்சைவிடப் புரோட்டான் மேலானது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. செலவோ மிக அதிகம் என்றார்.

மருத்துவர் மிகைப்படுத்தவும் இல்லை. அறுவை தாங்காத 55 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், துல்லியக் கதிர்வீச்சுக்கு 3 ஆண்டுகளுக்குப் பின்னும் 97.6 சதவீதத்தினருக்கு மூலக்கட்டி அடங்கியிருந்தது, உயிரோடிருந்தவரோ 55.8 சதவீதத்தினரே. நோய் வேறிடத்தில் தோன்றுவதும், முன்பே உள்ள பிற நோய்களும் உயிரைக் கவர்வதுண்டு.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ இன்னும் வேலை மிச்சம் இருக்கு சாமி” என்றார். 5 அமர்வுகளுக்கும் பேருந்திலேயே சென்று வந்தார். பீடியையும் விட்டொழித்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார். இதுவரை கட்டி அடங்கியே இருக்கிறது.

அன்பர்களே, ‘அறுவை இயலாது’ என்பது ‘சிகிச்சையே இல்லை’ என்பதன்று. வேறு என்ன வழியுண்டு, கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை அமர்வுகள், என்ன செலவு என்று தயங்காது கேளுங்கள். சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கக் கற்பிக்கிறது. அதைப் பிறருக்குப் போதித்த நாமே, அன்று அந்தத் திண்ணையில் மறந்துபோனோம்.