பொய் இரையும் மெய்யறிவும்

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் நோக்கிச் செல்வோர் வழியெங்கும் பல குட்டைகளைக் காணலாம். சில ஏரிபோல் அகன்றிருக்கும். சிலவற்றைத் தாமரையும் கோரைப்புல்லும் மூடியிருக்கும். இவை இயற்கை தந்த நீர்நிலைகள் அல்ல. ஈயம் எடுப்பதற்காக மனிதன் தோண்டிய பள்ளங்கள். ஒரு காலத்தில் உலக ஈய உற்பத்தியில் முதன்மை பெற்று விளங்கியது கிந்தா பள்ளத்தாக்கு. 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட, சுமார் 4,500 டன் எடையுள்ள ஈயம் அள்ளும் மிதவை இயந்திரம் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கிறது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய வணிகம் நிலைகுலைந்தது. விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பள்ளங்களில் நீர் தேங்கியது. நாளடைவில் அந்நீரில் மீன்களும் பெருகின.

மீன் பெருகிய இடத்தைத் தேடித் தூண்டிலும் வந்தது. பேராக் மாநிலத் தோட்டப்புற மக்களுக்குத் தூண்டில் புதியதன்று. இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள், வேலை முடிந்த பிற்பகல் வேளைகளில் ஓடைக்கும் குட்டைக்கும் சென்றன. மூங்கில் கோல், சிறிது தங்கூசி, ஒரு முள், லயத்தின் பின்புறம் தோண்டியெடுத்த மண்புழு ஆகியவையே அவர்களின் கருவிகள். விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் அன்றைய இரவுக் குழம்பாயின. பெரிய விராலை விரும்பியவர்கள் சிறு தவளையைத் தூண்டிலில் கோத்து, நீர்த்தாவரங்களின் மேல் தத்தித் தத்திச் செல்லுமாறு ஆட்டினார்கள்.

இன்று அந்தத் தவளையின் இடத்தை மென்மையான செயற்கைத் தவளை பிடித்துக்கொண்டது. ஈப்போவிலுள்ள தூண்டில் கடைகளில் நூற்றுக்கணக்கான பொய் இரைகள் வண்ண வண்ணமாகத் தொங்குகின்றன. மலாய்மொழியில் இவற்றைக் ‘கேவாங்’ என்பார்கள். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? அழகானதை வாங்குபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு வீடு திரும்புவார். ஏனெனில், பொய் இரை கவர வேண்டியது மனிதனின் கண்ணையன்று, மீனின் கண்ணை.

பொய் இரையின் வரலாறே இதற்குச் சான்று. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லவுரி ரப்பாலா என்ற மீனவர், பெரிய மீன்கள் வேட்டையாடும் முறையைப் படகிலிருந்து கூர்ந்து கவனித்தார். கூட்டமாகச் செல்லும் சிறுமீன்களுள் காயம்பட்டுத் தள்ளாடும் மீனையே அவை முதலில் தாக்குவதைக் கண்டார். 1936ஆம் ஆண்டில் தக்கைக் கட்டையைக் கத்தியால் செதுக்கி, சாக்லெட் சுற்றிய பளபளப்பான தாளை அதன்மேல் ஒட்டி, பழைய புகைப்படச் சுருள்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசி, தள்ளாடி நீந்தும் ஒரு பொய் மீனைச் செய்தார். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. விலையுயர்ந்த பொருளும் இல்லை. மீனை அறிந்திருந்தார், அவ்வளவுதான்.

மீனை அறிவது என்றால், முதலில் அது எந்த மீன் என்று அறிவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், அவலாஞ்சி என்னுமிடத்தில் டிரவுட் மீன்குஞ்சுகளைப் பொரிக்கும் பண்ணை அமைக்கப்பட்டது. அங்கு வளர்ந்த குஞ்சுகள் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்டன. டிரவுட், பூச்சிகளையும் சிறுமீன்களையும் தின்னும் மீன். அதற்குச் சில கிராம் எடையே உள்ள சிறு சுழல்தகடும் மெல்லிய இழையும் போதும். அதே கருவியைப் பேராக்கின் வெதுவெதுப்பான ஈயக்குட்டைக்கோ, 1930ஆம் ஆண்டு முதல் இயங்கும் செண்டெரோ அணையின் ஏரிக்கோ, மேற்பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்கோ கொண்டுவந்தால் இழை அறுந்துபோகும். ஏனெனில், இங்கு வாழ்வது தோமான்.

தோமான், விராலின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. கூரிய பற்களை உடையது. விராலைப் போலவே இதுவும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும். அப்போது எழும் நீர்வளையமே தூண்டில்காரருக்கு அடையாளம். தாவரங்கள் அடர்ந்த இடத்தில் செயற்கைத் தவளையே பொருத்தமானது. அதன் இரு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி அமைந்திருப்பதால் புல்லில் சிக்காது; மீன் கவ்வி அழுத்தும்போதுதான் முட்கள் வெளிப்படும். ஆகவே, மீன் பாய்ந்தவுடன் கோலை வெடுக்கென இழுக்கக்கூடாது. இழையில் அதன் பாரம் தெரியும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். தெளிந்த, ஆழமான நீரில் கரண்டி வடிவத் தகடோ, முகத்தில் சிறு நாக்குத் தகடு பொருத்திய மூழ்கும் மீனோ ஏற்றது. நாக்குத் தகடு நீண்டிருந்தால் இரை ஆழமாகச் செல்லும். குறுகியிருந்தால் மேலாகவே நீந்தும். நீர் தெளிவாக இருந்தால் இயற்கையான நிறம் நல்லது. கலங்கியிருந்தால் எடுப்பான நிறமும், அதிர்வும் ஓசையும் எழுப்பும் இரையும் கைகொடுக்கும்.

இரையைக் கட்டுவதும் ஒரு கலையே. தோமானின் எடைக்கும் வேகத்துக்கும் 30 முதல் 50 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நூலைப் பலர் விரும்புகின்றனர். மீனின் பற்களுக்கு அந்நூல் தாக்குப்பிடிக்காது. எனவே, நூலுக்கும் இரைக்கும் இடையே தடித்த நைலான் இழையையோ மெல்லிய எஃகுக் கம்பியையோ ஒரு சிறு நீளத்துக்கு இணைக்க வேண்டும். நைலான் இழையை இரையோடு கட்ட எளிய முடிச்சு ஒன்று உண்டு. இழையை இரட்டையாக மடித்து, மடித்த முனையை இரையின் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். அதைக் கொண்டு தளர்வாக ஒரு முடிச்சு போட வேண்டும். பின்னர், முனையிலுள்ள கண்ணிக்குள் இரை முழுவதையும் நுழைத்தெடுத்து, முடிச்சை நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் இழை வலுவிழக்கும். இறுதியாக, கைகளால் இழுத்துப் பார்க்க வேண்டும். முடிச்சின் குறையை மீன் கண்டுபிடிப்பதற்குமுன் நாம் கண்டுபிடிப்பது நல்லதல்லவா?

இவை யாவும் கைத்திறன். கைத்திறன் மட்டும் போதுமா என்ற கேள்வி, பத்து காஜாவுக்கு அருகிலுள்ள ஒரு குட்டைக்கரையில் ஒரு நாள் எழுந்தது. அப்பகுதியில் முன்பு இரப்பர்த் தோட்டம் இருந்தது. இப்போது செம்பனை நிற்கிறது. அத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவரும், நான்காம் படிவம் பயிலும் அவருடைய பேத்தியும் அதிகாலையில் அங்கு வந்திருந்தனர். பேத்தி தான் சேமித்த பணத்தில் வாங்கிய பன்னிரண்டு பொய் இரைகளை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். முடிச்சை அவளே போட்டாள். பெரியவர் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

சற்று நேரத்தில், கரையிலிருந்து பத்து மீட்டர் தொலைவில் மழைத்துளி விழுவதுபோல் நீர் சலசலத்தது. வானத்தில் மேகமில்லை. சலசலத்த இடம் செந்நிறமாக இருந்தது. நூற்றுக்கணக்கான தோமான் குஞ்சுகள் மூச்சுவிட ஒன்றாக மேலெழுந்திருந்தன. பேத்தியின் முகம் மலர்ந்தது.

“தாத்தா, குஞ்சு இருந்தால் தாய் தகப்பன் கீழேயே இருக்கும். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையை வீசினால் போதும். கண்டிப்பாகப் பாயும்!”

“பாயும் அம்மாடி. பசித்தா பாயும்?”

அவள் கோலைத் தாழ்த்தினாள். “இல்லை. குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டதென்று நினைத்துப் பாயும்.”

“அது பாய்ந்து உன் கையில் மாட்டிக்கொண்டால் குஞ்சுகளுக்கு யார் காவல்?”

“நான் உடனே விட்டுவிடுவேனே, தாத்தா.”

“நீ முள்ளைக் கழற்றி, படம் பிடித்து, விடும்வரை மற்ற மீன்கள் காத்திருக்குமா?”

பேத்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் அந்தக் காலத்தில் இப்படிப் பிடித்ததே இல்லையா?” என்று கேட்டாள்.

“பிடித்திருக்கிறோம்,” என்றார் பெரியவர் ஒளிக்காமல். “வீட்டில் ஆறு பிள்ளைகள். குழம்புக்கு வேறு வழியில்லை. உனக்கு இன்று அந்தப் பசி இல்லை. அதனால், நாங்கள் யோசிக்காததை நீ யோசிக்கலாம்.”

பெரியவர் கோலைப் பிடுங்கவில்லை. வீசாதே என்றும் சொல்லவில்லை. பேத்திதான் பெட்டியைத் திறந்து, தவளையைக் கழற்றிவிட்டுக் கரண்டித் தகட்டைக் கட்டினாள். குட்டையின் மறுபக்கம் நடந்து சென்று, ஆழமான நீரில் வீசினாள். அன்று அவளுக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலமே உள்ள ஒரு மீன்தான்.

பெரியவர் சுட்டிக்காட்டிய செய்தி பொய் இரையின் மறுபக்கம். பொய் இரை மீனின் பசியை மட்டும் ஏமாற்றுவதில்லை. அதன் சினத்தையும், அச்சத்தையும், குஞ்சுகளைக் காக்கும் இயல்பையும் ஏமாற்ற வல்லது. தோமானில் ஆண், பெண் இரண்டுமே குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். காவல் குலைந்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனைப் பிடித்ததாக நாம் எண்ணுவோம். உண்மையில் இழப்பு ஒரு தலைமுறையாக இருக்கலாம்.

பிடித்த மீனை நீரில் விடுவது நல்ல பழக்கம். அதற்கும் முன்னேற்பாடு தேவை. மும்முனை முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள்ளைப் பொருத்தலாம். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்குக் காயம் குறையும். முள்ளும் விரைவாகக் கழலும். மீனைத் தொடும்முன் கையை நனைத்துக்கொண்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் சிதையாது.

ஆயினும், எல்லா மீன்களையும் விடுவதே அறம் என்றும் சொல்லிவிட முடியாது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மயில் பாஸ் என்னும் மீன், 1990களில் தூண்டில் விளையாட்டுக்காக மலேசிய நீர்நிலைகளில் புகுத்தப்பட்டது. பேராக்கின் ஈயக்குட்டைகளிலும் அது வேரூன்றிவிட்டது. பொய் இரையை ஆவலோடு தாக்கும் அழகிய மீன் அது. ஆனால், நம் நாட்டுச் சிறுமீன்களைத் தின்று பெருகுகிறது. அதை வேறொரு குட்டைக்கு எடுத்துச் சென்று விடுபவர், விளையாட்டை வளர்ப்பதாக நினைத்து அந்நீரின் சொந்த மீன்களை அழிக்கிறார். எந்த மீனை எடுப்பது, எந்த மீனை விடுவது என்பதற்கு ஒரே விடை எல்லா நீர்நிலைக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் கருத்தில் கொள்ளத்தக்கது. ஈயக்குட்டையின் கரை பார்வைக்கு உறுதியாகத் தோன்றும்; ஆனால், மணல் திடீரெனச் சரியும், ஓரடி தாண்டினால் ஆழம் அதிகம். மாணவர்கள் அனுபவமுள்ள பெரியவரின் துணையின்றி அங்குச் செல்லக்கூடாது. தனியார் நிலமாயின் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

ஒரு கடையில் நூறு பொய் இரைகள் தொங்கலாம். அவற்றின் எடை, நிறம், ஆழம் ஆகியவை பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதை எந்த மீனை நோக்கி, எந்த வேளையில் வீசுவது, எப்போது வீசாமல் கோலைத் தாழ்த்துவது என்பவை எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. நீரைப் பார்த்து, மீனை அறிந்து, தூண்டில் பிடித்தவரே அவற்றைத் தீர்மானிக்க வேண்டும்.