அன்ரியும் ஆறு வருசத்துக் கார்ப்பெட்டும்

மக்களே, நாலு மாசமா இந்தப் பக்கமே வரலை. ஆணி அதிகம்னு வழக்கம் போல ஒரு பொய்யை அவிழ்த்து விடலாம். ஆனா நிஜக் காரணம் ஒரு பழைய கார்ப்பெட்டு. சிரிக்காதீங்க, சொல்றேன்.

லண்டன்ல நான் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டு மாடி ரூம்ல குடியிருக்கேன். அவங்க ஊர்ல 'ஆன்ட்டி' இல்லை, 'அன்ரி'. அதனால எனக்கும் அன்ரிதான். அங்கிள் காலமாகி சில வருசம் ஆச்சு. அவர் ஹாரோ பக்கம் வாங்கிப் போட்ட ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டு ஒண்ணு இருக்கு, அதோட வாடகைதான் அன்ரிக்குப் பென்சன் மாதிரி. பார்த்துக்கிறது ஒரு லெட்டிங் ஏஜெண்ட். ஆள் பிடிக்கிறது, வாடகை வாங்குறது, குழாய் ரிப்பேர், எல்லாம் அவங்க பொறுப்பு. அதுக்கு மாசா மாசம் வாடகைல 12 சதவீதமும், அது மேல வாட் வரியும் எடுத்துப்பாங்க.

போன வருசம், அதாவது 2025ல, ஒரு சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்து ஷூவைக் கழட்டுறேன், அன்ரி கையில ஒரு பேப்பர் கட்டோட நிக்கிறாங்க.

"தம்பி, ஒருக்கா இதைப் பாருங்கோ. அவையள் என்னை ஏமாத்திப்போட்டினம். ஒரு சதமும் இல்லையாம்."

அவையள்னா குடியிருந்த ஒரு இளம் ஜோடி. 2019 செப்டம்பர்ல வந்து 2025 செப்டம்பர்ல காலி பண்ணாங்க. கொடுத்த டெபாசிட் 1,800 பவுண்டு. பெட்ரூம் கார்ப்பெட்ல அயர்ன்பாக்ஸ் வச்ச தழும்பு, சுவர்ல அழுக்கு, கிச்சன்ல எண்ணெய்ப் பிசுக்கு. ஏஜெண்ட் போட்ட கணக்கு: கார்ப்பெட் 900, பெயிண்ட் 650, கிளீனிங் 220, ஆக மொத்தம் 1,770. குடியிருந்தவங்க ஒத்துக்கலை, பஞ்சாயத்துக்குப் போச்சு. தீர்ப்பு: வீட்டு ஓனருக்குப் பூஜ்யம். "சட்டமே வாடகைக்காரங்க பக்கம்தான், நாங்க என்ன பண்றது"ன்னு ஏஜெண்ட் போன்ல கையை விரிச்சுட்டார்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். சென்னையில அட்வான்ஸ்னா பத்து மாச வாடகை. காலி பண்ணும்போது பெயிண்டுக்குன்னு ஒரு மாசத்தைப் பிடிச்சுப்பாங்க, ஏன்னு கேட்க முடியாது. நானே அப்படிக் கொடுத்துட்டு வந்தவன்தான். இங்கிலாந்துல கதை வேற. 2007 ஏப்ரல்ல இருந்து வாடகை டெபாசிட்டை ஓனரோ ஏஜெண்டோ தன் இஷ்டத்துக்கு வச்சுக்க முடியாது. அரசு அனுமதி கொடுத்த மூணு திட்டத்துல ஏதாவது ஒண்ணுல, வாங்கின 30 நாளுக்குள்ள பதிவு பண்ணியாகணும். பண்ணலைன்னா டெபாசிட்டைப் போல ஒரு மடங்குல இருந்து மூணு மடங்கு வரைக்கும் கோர்ட்டு அபராதம் போடும். ஏஜெண்ட் மறந்துட்டார்னாலும் ஓனர் தப்பிக்க முடியாது. 2019 ஜூன்ல இருந்து டெபாசிட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. வருச வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. (என்னை மாதிரி ஓனர் வீட்டுக்குள்ளயே ரூம் எடுத்துத் தங்குறவனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. என் டெபாசிட்டுக்குக் கியாரண்டி அன்ரியோட நல்ல மனசுதான் :))

தகராறு வந்தா அந்தத் திட்டமே ஒரு நடுவரை வச்சுக் காசு வாங்காம தீர்த்து வைக்கும். நேர்ல விசாரணை எல்லாம் கிடையாது, ரெண்டு பேரும் கொடுக்கிற பேப்பர் மட்டும்தான் பேசும். முக்கியமான விஷயம், டெபாசிட் குடியிருக்கிறவரோட காசு. அதுல ஒரு பவுண்டு வேணும்னாலும் ஏன்னு நிரூபிக்க வேண்டியது ஓனர்தான். குடி வந்த அன்னிக்கு வீடு எப்படி இருந்துச்சு, போன அன்னிக்கு எப்படி இருந்துச்சு, ரெண்டுக்கும் போட்டோவோட ரிப்போர்ட் வேணும். இதைத்தான் இன்வென்டரிங்கிறாங்க.

தீர்ப்பைப் பொறுமையா படிச்சேன். நடுவர் ரொம்பத் தெளிவா எழுதியிருந்தார். குடி வந்தப்போ இருந்த நிலைமைக்கு ஆதாரம் இல்லை, அதனால சேதம் இவங்க காலத்துல நடந்ததுன்னு முடிவு பண்ண முடியலைன்னு. ஆதாரம் இல்லையா? ஏஜெண்ட் 40 பக்க பிடிஎஃப் அனுப்பியிருக்காரே? அதைத் திறந்தேன். முதல் பக்கத்துல அன்ரி ஃப்ளாட்டு அட்ரஸ். ஏழாம் பக்கத்துல கிச்சன் போட்டோ, அதுல கேஸ் அடுப்பு.

"அன்ரி, நம்ம ஃப்ளாட்டுல கேஸ் அடுப்பா?"

"இல்லைத் தம்பி, அங்க கேஸ் லைனே இல்லை. கரண்ட் அடுப்புதான்."

அவ்வ்வ்வ். உள்ள இருந்த அத்தனை போட்டோவும் வேற யாரோ ஒருத்தர் வீடு. அட்டையை மட்டும் மாத்தி ஒட்டி அனுப்பியிருக்காங்க. தப்பான ஃபைலை லைவ்ல ஏத்திட்டு கஸ்டமரைத் திட்டுற கதை நம்ம பொழப்புல பார்க்காததா! சரியான இன்வென்டரி இருக்கான்னு மெயில் போட்டுக் கேட்டா, மறுநாளே அனுப்பிட்டாங்க. 2019 தேதி போட்டு, குடி வந்தவங்க கையெழுத்தோட, புதுக் கார்ப்பெட் பளபளன்னு. இத்தனை நாளும் அவங்க கம்ப்யூட்டர்லயே தூங்கிட்டு இருந்திருக்கு.

அன்ரிக்கு முகம் மாறிடுச்சு. "அப்ப 1,770ம் அவரிட்டயே கேட்பம்."

இங்கதான் எனக்குச் சங்கடம். சரியான பேப்பர் கொடுத்திருந்தாலும் 1,770 வந்திருக்காது. பழசைக் கொடுத்துட்டுப் புதுசு கேட்க முடியாதுங்கிறது நடுவர்களோட அடிப்படை விதி. புழங்கினா தேயறது இயல்பு, அதுக்குக் காசு கிடையாது. கார்ப்பெட்டுக்கு ஆயுசு பத்து வருசம்னு வச்சா ஆறு வருசம் ஏற்கனவே ஓடிடுச்சு. மிச்சம் நாலு வருசம், 900ல பத்துக்கு நாலு, அதாவது 360. ஆறு வருசம் குடியிருந்த வீட்டுல பெயிண்டுக்கு ஒண்ணும் தேறாது. எப்படியும் அடிக்க வேண்டிய பெயிண்டுதான் அது. கிளீனிங் 220 மட்டும் முழுசா கிடைக்க நல்ல வாய்ப்பு, ஏன்னா சுத்தத்துக்குத் தேய்மானம்னு சாக்குச் சொல்ல முடியாது. ஆக 360ம் 220ம் 580 பவுண்டு. ஏஜெண்டால அன்ரிக்கு உண்மையா போனது அவ்வளவுதான்.

நான் கணக்கு போட்டுக் காட்டினேன். அன்ரி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "அப்ப 1,770 எண்டு கேட்டதே பிழையோ?"

"ஆமா அன்ரி. அது ஏஜெண்ட் கேட்டது. உங்ககிட்ட கேட்டுட்டா கேட்டார்?"

கேட்கலை. தொகையை அவராவே போட்டு அனுப்பியிருக்கார்.

ஏஜெண்டுக்குப் புகார் எழுதலாம்னா அன்ரிக்குத் தயக்கம். "அவர் எங்கட ஆள் தம்பி. கோயில்ல பார்க்கிற முகம். எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?" ரெண்டு நாள் யோசிச்சுட்டு, "எழுதுங்கோ, ஆனா மரியாதையா எழுதுங்கோ"ன்னாங்க. எழுதினோம். ரெண்டு பிடிஎஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, 580க்குக் கணக்கோட.

முதல் பதில்: நடுவர் தீர்ப்பு இறுதியானது, எதுவும் செய்ய இயலாது. உண்மைதான், அது ஓனருக்கும் குடியிருந்தவருக்கும் நடுவுல இறுதியானது. ஏஜெண்ட் தன் வேலையை ஒழுங்கா செஞ்சாராங்கிறது ஓனருக்கும் ஏஜெண்டுக்கும் நடுவுல உள்ள தனி வழக்கு. 2014 அக்டோபர்ல இருந்து இங்கிலாந்துல லெட்டிங் ஏஜெண்டுகள் எல்லாரும் அங்கீகாரம் பெற்ற ஒரு குறைதீர்ப்பு அமைப்புல சேர்ந்திருக்கணும்னு சட்டம். முதல்ல ஏஜெண்டுக்கு எழுத்துல புகார். எட்டு வாரத்துல தீரலைன்னா அந்த அமைப்புக்குப் போகலாம். குடியிருக்கிறவர் மட்டும் இல்லை, ஓனரும் போகலாம். இதையே ரெண்டு வரியில பதிலா போட்டோம். அடுத்து, ஒரு மாசக் கமிஷன் தள்ளுபடி பண்றேன்னு பேரம் வந்துச்சு. அன்ரி, "எனக்குத் தள்ளுபடி வேண்டாம், கணக்கு வேணும்"னுட்டாங்க. செம!

ஏழாவது வாரம் 580 பவுண்டு அக்கவுண்டுக்கு வந்துச்சு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்லை. கோயில்ல பார்த்தா இப்பவும் சிரிக்கிறாராம்.

இத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி தோசை கொண்டு வந்து வச்சுட்டு அன்ரி நின்னுட்டே இருந்தாங்க. தீர்ப்பு வந்த அன்னிக்கு, ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, அந்த ஜோடிக்கு அவங்க ஒரு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்ங்கிற ரேஞ்சுல. அவங்க வீட்டுல ஒரு வயசுக் குழந்தை.

"அந்தப் பிள்ளையளுக்குக் கூடாத சொல்லுச் சொல்லிப்போட்டன் தம்பி. ஆறு வருசம் ஒரு நாள் வாடகை பிந்தினதில்லை."

ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மெசேஜ் எழுதினோம். ஏஜெண்டுக்கு எழுதின நாலு பக்கக் கடிதத்தை விட இந்த நாலு வரிக்குத்தான் நேரம் அதிகமாச்சு. அனுப்பியாச்சு. நீல டிக் விழுந்துச்சு. பதில் இன்னும் வரலை. அன்ரி தினமும் ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கிறாங்க.

டிஸ்கி: இங்க வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற நண்பர்களே, ஏஜெண்ட் இருக்கார்னு நிம்மதியா தூங்காதீங்க. டெபாசிட் பதிவுச் சான்றிதழ், குடி வந்த அன்னிக்கு எடுத்த இன்வென்டரி, ரெண்டுக்கும் ஒரு காப்பி இன்னிக்கே கேட்டு வாங்கி வையுங்க. வாங்கினதும் முதல் பக்கத்தோட நிறுத்தாம ஏழாம் பக்கம் வரைக்கும் புரட்டிப் பாருங்க. குறிப்பா அடுப்பை :)