கட்டிய பணமும் காணாத மலையும்

பங்குனி வெயில் வடபுலத்து மணலைச் சுடத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்து வீடுகளிலே நுவரெலியாவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். பீதுருதாலகாலை மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலே, ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரை நினைந்து அமைத்துக்கொண்ட சிறு நகரம் அது. சித்திரை மாதமே அங்கு விழாக்காலம். அக்காலத்தில் அறைகளின் வாடகை மலையினும் உயரமாக ஏறிவிடும். வசதி படைத்தோர் ஆண்டுதோறும் சென்று வருவர். எம்போன்ற ஆசிரியர்களோ சில ஆண்டுகளுக்கொருமுறை திட்டம் வகுத்து, பின்னர் அத்திட்டத்தை மடித்துப் பெட்டியில் வைப்பதே வழக்கம்.

2021ஆம் ஆண்டு மார்கழியில் நாம் அவ்வாறு மடித்து வைக்கவில்லை. அடுத்த சித்திரைப் புத்தாண்டை மலைநாட்டிலே கொண்டாடுவதென முடிவு செய்து, நுவரெலியாவிலுள்ள ஒரு சிறு விடுதியில் நான்கு இரவுகளுக்கு இரண்டு அறைகளை ஒழுங்கு செய்து, 36,000 ரூபாயை முழுமையாகவே கட்டிவிட்டோம். முன்கூட்டிக் கட்டுவோருக்கு வாடகையிற் கழிவு உண்டென்பதே அதற்குக் காரணம். எம்மைத் தூண்டியது குளிர் மாத்திரமன்று. எமது தந்தையார் 1960களின் நடுப்பகுதியில் தலவாக்கலையில் ஆசிரியராகப் பணியாற்றியவர். மணமுடித்த புதிதில் அன்னையார் இரண்டு ஆண்டுகள் அவ்வூரிலே குடித்தனம் நடத்தினார். இடமாற்றம் பெற்று ஊர் வந்த பின்னர் அவர் அம்மலையைத் திரும்பக் கண்டதில்லை. இடையிலே நாட்டில் நிகழ்ந்தவற்றை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தந்தையார் இப்போது இல்லை. அன்னையாருக்கு அப்போது வயது 78.

மார்கழியில் நாம் போட்ட கணக்கு பங்குனியிற் சிதறிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த நாணய மாற்று, ஏப்ரல் நடுவில் 300ஐத் தாண்டி ஓடியது. மார்ச் 12ஆந் திகதி டீசல் ஒரு லீற்றர் 121 ரூபாயிலிருந்து 176 ரூபாயானது. அவ்விலைக்கேனும் அது கிடைத்ததா என்றால், அதற்கும் வரிசையில் நின்றோரைத்தான் கேட்க வேண்டும். மார்கழியில் 55,000 ரூபாய் சொன்ன வான் உரிமையாளர் மார்ச் இறுதியில் 1,05,000 என்றார். “டீசல் கிடைச்சால் மட்டும்தான் மாஸ்ரர்” என்றும் சேர்த்துச் சொன்னார். அத்தொகை எமது இரண்டு மாதச் சம்பளம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனுடைய தனியார் வகுப்புக் கட்டணமும் அம்மாதமே ஏறியிருந்தது.

விடுதியாரின் நிபந்தனை ஒன்று எஞ்சியிருந்தது. மார்ச் 31க்கு முன் அறிவித்தால் பாதித் தொகை திரும்பும். அதன் பின்னர் ஒன்றும் திரும்பாது. ஆகவே, தள்ளிப்போட்டுச் சிந்திக்கவும் இடமில்லை.

அந்நாட்களில் இரவு மின்சாரம் இருப்பதில்லை. ஒரு நாளில் 10 மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவிய காலம் அது. அரிக்கன் விளக்கை நடுவில் வைத்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்திலே வரவு செலவை எழுதினோம். (தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்ட காலமாதலால், நல்ல தாளிற் கணக்கெழுத எமக்கு மனம் வரவில்லை.) எமது இல்லாளின் கட்சி தெளிவானது.

“கட்டின காசைச் சும்மா விடுறதே? என்ரை காப்பை அடைவு வைச்செண்டாலும் போட்டு வருவம்.”

அன்னையாரின் கட்சி அதற்கு நேர்மாறானது. “எனக்கு அந்த மலையைப் பாக்காட்டி ஒண்டும் குறைஞ்சு போகாது மோனை. வாற பாதிக் காசை வாங்கிப் பெடியன்ரை படிப்புக்குக் கட்டு.”

மகன், “நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ, நான் நிண்டு படிக்கிறன்” என்றான். பத்து வயது மகள் எதுவும் பேசவில்லை. ஆயின், எவரிடமோ இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை ஒன்று அவள் மடியில் இருந்தது.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையிலே, பொருளியல் கற்பிக்கும் நண்பரிடம் இதனை எடுத்துரைத்தோம். அவர் தயங்காது, “அதை மூழ்கின செலவு எண்டுதான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறம். போன காசை மறந்துபோட்டு, இனிப் போற காசுக்கு என்ன கிடைக்குமெண்டு மட்டும் பாருங்கோ” என்றார். பொருளியலார் கூற்றில் உண்மை உண்டு. கட்டிய பணம் வீணாகிவிடுமே என்பதற்காக மேலும் ஓர் இலட்சத்தைக் கடன்பட்டுக் கொட்டுவது, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிற்றையும் எறிவதை ஒக்கும். இல்லாளின் காப்பு அன்றே தப்பியது.

எனினும் அக்கூற்று எமக்கு முழு நிறைவு தரவில்லை. பாடநூல் எழுதியவர் விலைகள் அசையாது நிற்கும் ஒரு நாட்டை எண்ணி எழுதினார் போலும். எமக்குத் திரும்பக்கூடியது 18,000 ரூபாய். மார்கழியில் அத்தொகைக்கு இருந்த பெறுமதி பங்குனியில் இல்லை. சித்திரையில் அதனினும் குறையும். இறக்குமதிப் பால்மாவின் 400 கிராம் பொதி மார்ச் மாதம் ஒரே நாளில் 540இலிருந்து 790 ரூபாய்க்குத் தாவியதை எம் வீட்டுச் சிறுமியும் அறிவாள். ஆனால் நாம் வாங்கி வைத்திருந்தது நாணயமன்று; நான்கு இரவுகளுக்கான இரண்டு அறைகள். எம் வீட்டிலுள்ள பொருள்கள் அனைத்திலும் மார்கழி விலையிலேயே நின்றது அவ்விரண்டு அறைகளும்தாம்! அவற்றைப் பாதி விலைக்கு, அதுவும் உருகும் நாணயத்திற்குத் திருப்பிக் கொடுப்பது கெட்டித்தனமாகுமா? எம்மால் தாங்க முடியாதது வானும், கடைச் சாப்பாடும், ‘சீசன்’ களியாட்டங்களுமே. தலவாக்கலை மலை அதே இடத்திற்றான் நின்றது.

விடுதியாரைத் தொலைபேசியில் அழைத்து, ஆவணிக்கு மாற்றித் தருவீரோ என்று கேட்டுப் பார்த்தோம். மலைநாட்டுத் தமிழரான அவர் ஒளிவு மறைவின்றிப் பேசினார். “ஆவணியில என்ன விலையோ, எனக்கே தெரியாதுங்க சேர். இப்பவே வாங்க. காஸ் மட்டும் இல்ல, விறகடுப்புலதான் சமைக்கணும். சாமான் கொண்டு வந்தீங்கன்னா சமைச்சுத் தந்திடுறோம்.” இச்சொற்களே வழக்கை முடித்து வைத்தன எனலாம். மாப்பொருளும் மிளகாய்த்தூளும் எம் வீட்டில் இருந்தன. அன்னையார் மட்டும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அரிசி மாவை வறுக்கத் தொடங்கினார். அதனைச் சம்மதமாகக் கொண்டோம்.

2022 ஏப்ரல் 9ஆந் திகதி, சனிக்கிழமை, விடியுமுன்னே ஐவரும் கண்டிப் பேருந்தில் ஏறினோம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வண்டி வழக்கம்போல நின்றது. தேங்காய் அடித்துக் கச்சான் வாங்கிக்கொண்டோம். அதன் பின்னர் வழிநெடுக நாம் கண்டவற்றுள் மனத்திற் பதிந்தவை எரிபொருள் நிலையங்களின் முன்னே நீண்டு கிடந்த வரிசைகளே. வண்டிகளை விட்டுவிட்டு மனிதர்கள் மர நிழலில் உறங்கினர். நாம் வானில் வந்திருப்பின் அவ்வரிசையிலன்றோ புத்தாண்டு பிறந்திருக்கும்! அன்றிரவு கட்டுகஸ்தோட்டையில் உறவினர் வீட்டிலே தங்கி, மறுநாட் காலை கண்டியிற் புகையிரதம் ஏறினோம். மூன்றாம் வகுப்புத்தான். புகையிரதக் கட்டணம் பேருந்துக் கட்டணத்திலும் குறைவாக இருந்த காலமாதலால், இவ்வழியே எமக்கு ஏற்றதாயிற்று.

மலைநாட்டு இருப்புப் பாதையைப் பற்றிச் சிறிது சொல்லாது அப்பாற் செல்லல் ஆகாது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கீழே இறக்குவதற்காக ஆங்கிலேயர் இட்ட பாதை இது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்து, 1924இல் பதுளையில் முடிந்தது. நாவலப்பிட்டியைக் கடந்ததும் வண்டி மூச்சிரைத்து ஏறத் தொடங்கும். வட்டவளையில் மேகம் சன்னலுக்குள்ளே வந்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில், இப்பாதையின் மிக நீண்ட குகையாகிய சிங்கமலைச் சுரங்கத்தினுள் வண்டி நுழைந்தபோது பெட்டியிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒருமிக்கக் கூவினர். மகனும் புத்தகத்தை மூடிவிட்டுக் கூவினான். (2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் இப்பாதையைப் பல இடங்களிற் குலைத்தது. நாம் கூறுவது அதற்கு முந்திய பயணத்தை.)

தலவாக்கலை நிலையத்தில் வண்டி நின்ற சில நிமிடங்களும் அன்னையார் வாயிலருகே நின்றார். இறங்கவில்லை. “இஞ்சைதான் கொப்பர் பெட்டியோடை வந்து நிப்பார்” என்றார், அவ்வளவே.

திங்கட்கிழமை நுவரெலியாவிலிருந்து பேருந்தில் அவ்வூருக்குத் திரும்பச் சென்றோம். அன்னையார் தேடியது ஆற்றங்கரைப் பக்கத்து வீடொன்று. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காக அங்கே ஆற்றை மறித்து அணை கட்டியுள்ளார்கள். 2012இல் அது நிறைவுற்றது. நகரின் தாழ்ந்த பகுதியிலிருந்த குடும்பங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. சென் கிளேயர் நீர்வீழ்ச்சியும் முன்னைய பெருக்கோடு எப்போதும் வீழ்வதில்லை. வீடு இருந்த இடத்தைச் சுட்டிக் காட்ட எவருமில்லை. அன்னையார் நீர்த்தேக்கத்தின் கரையிலே நின்று, அக்கரை மலையின் வரம்புகளைக் கையால் அளப்பவர்போல் நெடுநேரம் பார்த்தார். பின்னர், “தண்ணிக்குள்ளைதான் போட்டுது” என்று தாமே தீர்ப்புக் கூறிக் கதிரேசன் கோயிலுக்கு நடந்தார். அங்கே அவர் முகத்தில் வருத்தம் இருந்ததெனச் சொல்ல முடியாது. பேத்திக்கு, தாம் புட்டவிக்கத் தெரியாத மணப்பெண்ணாக வந்த கதையையும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ரொட்டி சுடக் கற்ற கதையையும், கோயில் வீதியிலே அமர்ந்து ஒரு மணி நேரம் சொன்னார். அவர் மகனாகிய எமக்கும் அக்கதைகள் புதியவை.

கடைத்தெருவிலே தோட்டத்துப் பெண்கள் கோதுமை மாவை அரைக் கிலோவாகவும் காற் கிலோவாகவும் நிறுத்து வாங்கக் கண்டோம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய்ச் சம்பளம் என 2021 மார்ச்சில் அரசு விதித்தபோது எத்துணை ஆரவாரம்! ஓராண்டில் அச்சம்பளத்தை விலைவாசி விழுங்கிற்று. அன்னையார் ஒரு பெண்ணிடம், இப்போது ரொட்டிக்குத் தேங்காய்ப்பூச் சேர்க்கிறீர்களா என்று கேட்டார். “தேங்கா விக்கிற விலையில எங்கம்மா” என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நுவரெலியா நகரைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. கிரகரி வாவியைச் சுற்றி நடந்தோம். சீதா எலியாவில் ஓடைக்கரைக் கோயிலைத் தொழுது, 1861இல் சிங்கோனா மரத்திற்காகத் தொடங்கப்பெற்ற ஹக்கலைப் பூங்காவைப் பார்த்தோம். விழாக்காலமாயிருந்தும் கூட்டம் குறைவு. பிற்பகல்தோறும் மழை பெய்தது. மழை நேரங்களிலே மகன் விடுதியின் தாழ்வாரத்திலிருந்து படித்தான். வீட்டிலிருந்ததைவிட அதிகம் படித்தான் என்றே எமக்குத் தோன்றிற்று. செவ்வாய்க்கிழமை மாலை, விறகடுப்பின் முன்னே குளிர் காய்ந்தபடி இருந்தபோது, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தி வைத்தமையை வானொலி அறிவித்தது. விடுதியார் அடுப்பில் இன்னொரு கொள்ளியைத் தள்ளிவிட்டு, “நாடே அட்வான்ஸ் கட்டிட்டு முழிக்குதுங்க சேர்” என்றார்.

நான்காம் இரவுக்கு நாம் தங்கவில்லை. வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைக்காது இருத்தல் அன்னையாருக்கு இயலாத காரியம். அவ்விரவின் வாடகையைத் திருப்பித் தர விடுதியாரிடம் பணம் இருக்கவில்லை; கேட்கவும் நாம் விரும்பவில்லை. அவர் தோட்டத்திலிருந்து ஒரு சாக்கில் லீக்ஸும் பீற்றூட்டும் கரட்டும் பிடுங்கித் தந்தார். முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததன் விளைவாக அவை சிறுத்தே இருந்தன. வழிச்செலவும் உணவுமாக இப்பயணத்திற்கு நாம் மேலும் செலவிட்டது 20,000 ரூபாய்க்கு உட்பட்டதே. மகனின் வகுப்புக் கட்டணத்தைச் சித்திரை இறுதியிற் கட்டினோம், சிறிது பிந்தித்தான். சாக்கைக் கண்டிப் பேருந்து நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை மகனும் நாமும் மாறி மாறிச் சுமந்தோம். புத்தாண்டு விடியலிலே ஊர் வந்து சேர்ந்ததும், அன்னையார் முகங்கழுவுமுன்னே அதனை அவிழ்த்து, அயல் வீடுகள் ஏழுக்கும் பங்கு வைக்கத் தொடங்கினார்.