தேடிக் காணும் படநூல்

ஜெர்மனி நாட்டு ஓவியர் அலி மிட்குச்சு என்பார், 1968-ஆம் ஆண்டில் கதைச் சொற்கள் இல்லாத படநூலொன்றை வெளியிட்டார். நகர வாழ்க்கையின் காட்சிகள் அதன் ஏடுதோறும் நிறைந்திருக்கும். குழந்தை தான் விரும்பியதைத் தேடும், கண்டதைக் கதையாக்கும்.

ஆங்கில ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்போர்டு 1987-இல் நூலாக்கிய வாலியோ (கிட்கிந்தை வாலி அல்லன்), சிவப்பும் வெள்ளையுமாக வரியிட்ட சட்டையுடன் பெருங்கூட்டத்துள் மறைந்து நிற்பான். அவனைத் தேடுதல் பத்து வயதினர்க்கு இன்பம். மூன்று வயதுக் குழந்தையோ சிறிது நேரம் விழித்துப் பார்த்து, ஏட்டை மூடிவிடும். பின்னர் நூலென்றாலே முகந்திருப்பவுங் கூடும். ஆதலின் வாங்குவோர் படத்தின் அளவை முதலில் நோக்குதல் வேண்டும். நாயும் பந்தும் சிறுவிரல் தொட்டுக் காட்டும் அளவினவாக இருத்தல் நன்று. பெற்றோர் முந்திக்கொண்டு விடை காட்டுவது பிழையாம். ஓரத்திலே ஓடும் நாயைக் கண்டு நகைக்கும் குழந்தையைத் தடுத்து, "வாலி எங்கே?" என்று வினவுவாரும் உளர்.