தென்னேரிக் கரையில்

சுங்குவார்சத்திரத்துக்குப் போய் மீன் பிடித்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்னபோது, என் நண்பர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு என் தேக ஆரோக்கியத்தைப் பற்றி விசாரித்தார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. அந்த ஊரின் பெயரைக் கேட்டால் இந்நாளில் யாருக்கும் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கைபேசியும், குளிர்சாதனப் பெட்டியும், மோட்டார் வண்டியும் பிறக்கிற பிரதேசம் அது. அங்கே மீனும் பிறக்கிறது என்பதை எப்படி நம்புவார்கள்?

ஆனால், ஊரின் பெயரைச் சற்று நின்று கவனியுங்கள். சத்திரம் என்றல்லவா அதற்குப் பெயர்! இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கும் கோயில் நகரமாகிய காஞ்சிக்கும் இடையே நடந்து போன வழிப்போக்கர்கள் இளைப்பாறிய இடம். சென்னையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இன்று பெங்களூர் நெடுஞ்சாலை அதன் நடுவே ஓடுகிறது. இளைப்பாறுவதற்குத்தான் ஒருவருக்கும் நேரம் இல்லை.

சென்ற ஐப்பசி மாதத்தில், இரண்டு நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த நாற்சந்தியில் நான் நின்றேன். இராத்திரி வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைப் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து எத்தனையோ இளம்பெண்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். எதிர்ப்புறத்தில் பகல் வேலைக்குப் போகிறவர்கள் தேநீர்க் கடையில் கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் என் வழித்துணைவர் வந்து சேர்ந்தார்.

அவர் திருநெல்வேலிச் சீமையில், தாமிரவருணிக் கரையில் பிறந்து வளர்ந்த இளைஞர். இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. என் நண்பர் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். வார விடுமுறை நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போனால், இவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவார். அன்று அவருக்கு ஒரு முக்கியமான காரியமும் இருந்தது. அவருடைய தமக்கைக்குச் சில நாட்களுக்கு முன்தான் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து குழந்தை பிறந்திருந்தது. விரால் மீன் குழம்பு சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த நம்பிக்கை. "இன்றைக்கு ஒரு விராலாவது கொண்டு போகாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, சார்!" என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வாலாஜாபாத் போகும் சாலையில் தெற்கே திரும்பியதும், ஏதோ திரையை விலக்கினாற்போல உலகம் மாறிவிட்டது. மதில்கள் பின்தங்கின. புதிதாக உழுத கழனியின் மண்வாசனை முகத்தில் அடித்தது. நாரைகள் வரப்பின்மேல் ஒற்றைக் காலில் நின்றன. சிறிது நேரத்தில் எதிரே மரங்கள் அடர்ந்த நீண்ட கரை ஒன்று தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஏறினோம். ஏறிய நான் பேச்சற்று நின்றுவிட்டேன்.

அதுதான் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் ‘திரையன் ஏரி’ என்று வழங்கியதே நாளடைவில் தென்னேரி என்று மருவியது என்பார்கள். செங்கற்பட்டுச் சீமைக்கு ‘ஏரி மாவட்டம்’ என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. வற்றாத நதி இல்லாத நாட்டிலே, மூன்று மாத மழையைத் தேக்கி வைத்துப் பன்னிரண்டு மாதம் பிழைக்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் மண்ணைக் கொட்டிக் கட்டிய சமுத்திரங்கள் இவை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் குடவோலைத் தேர்தலைப் பற்றிச் சொல்கின்றன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ‘ஏரி வாரியம்’ என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஏரியைக் காப்பது அன்று ஓர் ஆட்சிப் பொறுப்பாக இருந்தது.

பழைய கல்வெட்டுகளிலே ‘பாசிப்பாட்டம்’ என்று ஒரு சொல் வருகிறது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய தொகை அது. இன்றும் ஏரிக் குத்தகையை ‘மீன்பாசி ஏலம்’ என்றே சொல்கிறார்கள். ராஜ்யங்கள் எத்தனையோ வந்து போயின. பாசி மட்டும் போகவில்லை!

கரையோரத்தில், மதகுக்குச் சற்றுத் தள்ளி, தாமரையும் அல்லியும் படர்ந்த இடமாகப் பார்த்து இளைஞர் உட்கார்ந்தார். நீளமான மூங்கில் கழி, நைலான் நரம்பு, பெரிய முள் ஒன்று, டப்பாவில் சில சிறு தவளைகள். இவ்வளவுதான் ஆயுதங்கள். தவளையை முள்ளில் மாட்டி, இலைகளின்மேல் துள்ளித் துள்ளிப் போகும்படி ஆட்டினார். இந்த வித்தை புதிதல்ல. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் நம் நாட்டு ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நாங்கள் மௌனமாகக் காத்திருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். முன்னாளில் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியாக இருந்தவராம். கோலை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு அருகில் உட்கார்ந்தார். ஏரி மீன்களின் வம்சாவளியை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"இப்ப வலையிலே விழுறதிலே பாதி, வந்து குடியேறின மீனுங்க, ஐயா!" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டுப் பெருநதிகளின் கெண்டைகள். அவை ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் வளருமே தவிர இனம் பெருக்காது. ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குலில், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றிக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். தேசம் முழுவதும் குளங்களில் விடும் குஞ்சுகளெல்லாம் அந்த ஒரு வெற்றியின் சந்ததி என்று சொல்லலாம். ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்!

இவற்றுக்கு நடுவே, யாரும் கொண்டுவந்து விடாமல், ஏரியோடு பிறந்து ஏரியோடு வாழ்கிறவை விரால், கெளுத்தி, குறவை முதலியவை. அவற்றுள் அரசன் விரால்தான். தண்ணீரில் இருந்தாலும் அது நம்மைப் போல ஆகாயத்துக் காற்றைச் சுவாசிக்கிறது. அதற்காக அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். கோடையில் ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரைக்கும் தவம் கிடக்கும்.

நான் அப்போது, பூகோளத்தின் மறுபுறத்தைப் பற்றிப் படித்திருந்த ஒரு விஷயத்தை அவர்களுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் வடகோடியில் மின்னசோட்டா என்று ஒரு ராஜ்யம். அங்கே ‘மில் லாக்ஸ்’ என்று ஒரு மகா ஏரி. அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கு ‘ஆயிரம் ஏரிகள்’ என்று பொருள். குளிர்காலம் முழுவதும் அது பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். வசந்தத்தில் பனி உருகியதும், ‘வால்ஐ’ என்ற மீன் இராக்காலத்தில் கரையோரத்துக் கூழாங்கற்களுக்கு வந்து முட்டையிடும். நம் வாளை மீனுக்கும் அதற்கும் உறவில்லை. இருட்டில் பளிங்குபோல் ஒளிரும் கண்ணினால் வந்த பெயர். முட்டையிட்டதும் தாயும் தந்தையும் திரும்பிப் பாராமல் போய்விடும். ஆகையால் அந்த முட்டைக் காலத்தில் ஏரிகளில் வால்ஐ பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. மே மாதத்து நடுவில் ஒரு சனிக்கிழமை தடை நீங்கும்போது, ஊரே தூண்டிலோடு படகேறுமாம். அதற்கென்று ஒரு திருவிழா!

கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெத்தவன் போட்டுட்டுப் போறான், சர்க்கார் காவல் காக்குது. நியாயம்தான்" என்று தலையை ஆட்டினார்.

அந்த நிமிஷத்தில் தண்ணீரில் ‘தளார்’ என்று ஒரு சத்தம். மூங்கில் கழி வில்லாக வளைந்தது. இளைஞர் எழுந்து நின்றார். ஐந்து நிமிஷம் மீனும் மனிதனும் மல்யுத்தம் செய்தார்கள். முடிவில் கரையோரச் சேற்றில், முழங்கை நீளத்துக்குக் கறுத்துத் திரண்ட விரால் ஒன்று வந்து புரண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழம்பின் வாசனையே மூக்குக்கு எட்டிவிட்டதாகத் தோன்றியது என்பதை ஒளிப்பானேன்?

கிழவர் மட்டும் மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்கே பாருங்க" என்றார்.

அல்லி இலைகளுக்கு நடுவே, செங்கற்பொடியைத் தூவினாற்போல ஒரு செம்மை. அது அசைந்தது, குமிழியிட்டது, ஒரு சமயம் குவிந்தது, ஒரு சமயம் விரிந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் விரால் குஞ்சுகள்! ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம். நூற்றுக்கணக்கில், காற்றுக்காக மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன.

"இது இரைக்கு வரலே, தம்பி. பிள்ளைக்கு வந்திருக்கு. தவளை குஞ்சுகிட்டே போச்சுன்னு அடிக்க வந்துது, மாட்டிக்கிச்சு. இது போனா, பொழுது சாயறதுக்குள்ளே கெளுத்தியும் ஜிலேபியும் அத்தனையையும் முழுங்கிடும்" என்றார் கிழவர். ‘விட்டுவிடு’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இளைஞர் மீனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். தமக்கையின் நினைவு வந்திருக்க வேண்டும். அவளுடைய மடியில் கிடக்கும் சிசுவின் நினைவும் வந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. முள் உதட்டோரத்தில்தான் தைத்திருந்தது. அதை மெதுவாகக் கழற்றினார். இரண்டு கையாலும் விராலை ஏந்தித் தண்ணீருக்குள் இறக்கினார். அது ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு நேரே அந்தச் செம்மைக்குக் கீழே போய் மறைந்துவிட்டது.

"கடையில் வளர்ப்பு விரால் கிடைக்கும், சார். வாங்கிக்கொண்டு போகலாம்" என்றார், என் முகத்தைப் பாராமலே.

திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். கடலுக்கு நம் நாட்டில் தடைக்காலம் உண்டு. கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கின்றன. தோட்டாவும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை விலக்கி 1897-லேயே சட்டம் செய்தார்கள். ஆயினும் அல்லி இலைக்கு அடியில் நடப்பதை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்? வடதேசத்து மீன் தன் முட்டையை விட்டுவிட்டுப் போகிறது. அங்கே சட்டம் காவலாக நிற்கிறது. நம் விராலோ தானே காவல் நிற்கிறது. காவல் நிற்பதனாலேயே அகப்பட்டுக்கொள்கிறது. அதன் வீரமே அதற்குத் தூண்டில். அந்தக் காவலனைக் காக்க வேண்டியவர்கள் கரையிலே கழியோடு உட்கார்ந்திருக்கும் நாம்தான். பெரிய தியாகம் ஒன்றும் வேண்டியதில்லை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலை மடக்கிக்கொண்டு பத்து அடி தள்ளி உட்கார்ந்தால் போதும்.

ஏரிக்கும் இதே நியாயம்தான். தொழிற்சாலைகள் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த ஜன்னலில் தூங்கிப்போன பெண்களின் வீடுகளில் அதனால் அடுப்பு எரிகிறது. ஆனால், அவர்களுடைய தாகத்துக்கு இந்த மண்ணில் தேங்கும் மழைதானே தண்ணீர்? வரத்துக் கால்வாயைத் தூர்க்காமலும், கழிவு நீரை உள்ளே விடாமலும், கலங்கலை அடைக்காமலும் இருந்தால், திரையன் பெயரைச் சுமக்கும் இந்தச் சமுத்திரம் இன்னும் எத்தனையோ தலைமுறைக்கு விராலும் நெல்லும் தரும்.

சுங்குவார்சத்திரத்துச் சந்தையில் வளர்ப்பு விரால் ஒன்றை வாங்கிக்கொண்டோம். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. இளைஞர் பேரம் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். "ஏரியிலேயே பிடித்ததா?" என்று அவர் தமக்கை கேட்டாளாம். "ஏரியில் பிடித்தது ஏரியிலேயே இருக்கிறது, அக்கா" என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த ஐப்பசியில் அந்தச் செங்கற்பொடிக் கூட்டம் என்ன ஆயிற்று என்று பார்த்து வரப் போகிறோம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்ய வேண்டும்.