இனிக்காத வெள்ளைக்கரு

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் ஆளுக்கு ஒரு பிடி சோறு கொண்டுவரச் சொன்னார். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும் என்றார். இனித்தது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று கரும்பலகையில் எழுதினார். அன்று சாயங்காலமே அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை வாயில் அடக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழிந்தும் ஒன்றும் ஆகவில்லை. "என்னடா, பல்வலியா?" என்று அம்மா கேட்டாள். வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

புரதம் செரிப்பது இரைப்பையில், அங்கே பெப்சின் இருக்கிறது என்றது பாடப்புத்தகம். வாயில் புரதத்தை வெட்ட எதுவுமில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஐம்பது வயதில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. பல் மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை இறக்கி ஆழம் பார்த்தார். "ஆறு மில்லிமீட்டர். ஈறு பல்லை விட்டு விலகுது சார்."

"கிருமி தின்னுதா டாக்டர்?"

"கிருமி தூண்டிவிடுது. வெட்டுறதுல பெரும்பங்கு உங்க சொந்த நொதிதான்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஈறின் உறுதி கொலாஜன் தருவது. மூன்று இழை முறுக்கிய கயிறு போன்ற புரதம் அது. சாதாரண நொதிகளின் பல் அதில் இறங்காது. ஈறின் இடுக்கு வழியாக வாய்க்குள் கசிந்து வரும் ரத்த வெள்ளணுக்கள் எம்.எம்.பி-8 என்ற நொதியை விடுகின்றன. அதன் மையத்தில் ஒரு துத்தநாக அணு. அது ஒரு நீர் மூலக்கூறைப் பற்றி முடுக்கிவிட, அந்த நீரே புரதப் பிணைப்பில் பாய்ந்து அறுக்கிறது. கயிற்றில் ஒரே இடத்தில்தான் வெட்டு: முக்கால் பங்கு ஒரு பக்கம், கால் பங்கு மறுபக்கம். அதுவே போதும். உடல் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும், மிச்சத்தை மற்ற நொதிகள் நறுக்கித் தள்ளிவிடும்.

அதைவிட அதன் உறைதான் என்னை வியக்க வைத்தது. உருவாகும்போது நொதிச் சங்கிலியின் ஒரு பகுதியே மடங்கிவந்து, தன் கந்தகத்தால் துத்தநாகத்தைப் பற்றி மூடிக்கொள்கிறது. அந்த மூடி அகலும்வரை கத்திக்குக் கூர் இல்லை.

வெட்டெல்லாம் சேதமில்லை. எச்சில் சுரப்பி தரும் ஹிஸ்டாட்டின்-3 என்பது 32 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதை நறுக்கினால் 24 கொண்ட ஹிஸ்டாட்டின்-5 கிடைக்கிறது. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படியும் கேண்டிடா பூஞ்சையைக் கொல்வதில் அந்தத் துண்டு கைதேர்ந்தது. முழு நீளத்தில் காத்திருந்து, வெட்டுப்பட்டுக் கூர்மையாகும் ஆயுதம்! சோற்றை இனிக்கச் செய்ததைவிட இது எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது.

கத்திகளைக் கட்டிப்போடுகிறவையும் எச்சிலிலேயே உண்டு. எம்.எம்.பி-8க்கு டிம்ப் என்ற புரதம். இன்னொரு வகை நொதிகளுக்குச் சிஸ்டாட்டின். ஆட்டுக்கறி மெத்தென்று வேக அம்மா போடும் பப்பாளிக்காயின் பப்பைன் அந்த இன்னொரு வகைதான். அதையும் சிஸ்டாட்டின் மடக்கிவிடும். அதன் குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து என்று படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

ஈறு வீங்கியே கிடந்தால் கத்திகள் பெருகி, கட்டுகள் போதாமல் போகின்றன. டீப் கிளீனிங் செய்து, தினமும் பல்லிடுக்குத் தூரிகை போடச் சொன்னார் மருத்துவர். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. மூன்று மாதம் கழித்துக் கம்பியை மறுபடி இறக்கினார். நான்கு மில்லிமீட்டர்.