நன்னீரும் உவர்நீரும்

பாலக்கோட்டுக்குக் கடல் இல்லை. மாந்தோப்பும் தக்காளி மண்டியும் சர்க்கரை ஆலையும் உள்ள இவ்வூரிலிருந்து கிழக்குக் கடலின் அலையைக் காண வேண்டுமாயின் 200 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட வேண்டும். ஆயினும் மீன் மீது நம் மக்களுக்குள்ள ஆசை, கடற்கரையாரின் ஆசைக்குச் சிறிதும் குறைந்ததன்று. நம்முடைய இளமையில் அவ்வாசை பெரும்பாலும் சந்தைக் கருவாட்டோடு அடங்கிவிடும். இன்றோ பல வீடுகளில் வண்டி இருக்கிறது. இல்லாதவர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வேன் பேசிக்கொள்கின்றனர். சனி ஞாயிறு வந்தால் ஆற்றங்கரைக்கும், பள்ளி விடுமுறை விட்டால் கடற்கரைக்கும் புறப்படுவது ஊர் வழக்கமாகிவிட்டது.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இது குறித்து நம்மிடம் வினவுவோர் இரு வகையினர். மூத்தவர்கள், “ஹஜ்ரத், தின்பதற்காக இப்படி ஊர் ஊராய்ச் சுற்றுவது இஸ்ராஃப் ஆகாதா?” என்பர். இளைஞர்கள், “ஹஜ்ரத், கடலில் உள்ளதெல்லாம் ஹலால்தானே, நண்டை மட்டும் ஏன் விலக்குகிறீர்கள்?” என்பர். இவ்விரண்டாம் வினா நம் இல்லத்துக்குள்ளேயே வந்து அமர்ந்தது. நம் மகளைப் பரங்கிப்பேட்டையில் மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். நாம் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆதலின் இவற்றைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதுவது பலருக்கும் பயன்படும் எனக் கருதுகிறோம்.

முதலில் மூத்தவர்களின் வினாவை எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் கடல் உணவையும் ஆகுமாக்குகிறது. அவ்வுணவு யாருக்கு என்பதையும் அதே வசனம் சொல்கிறது: ஊரில் இருப்போருக்கும் பயணம் செய்வோருக்கும். அங்கே பயணக் கூட்டத்தாரைக் குறிக்க வந்துள்ள சொல் ‘ஸய்யாரா’ என்பது. யூஸுஃப் நபி (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து எடுத்த வணிகக் கூட்டத்துக்கும் குர்ஆன் இச்சொல்லையே ஆள்கிறது. ஒட்டகக் கூட்டத்துக்கு வழங்கிய அச்சொல்லை இன்றைய அரபிகள் மோட்டார் காருக்குப் பெயராக வைத்திருக்கின்றனர். மதரஸாவில் இவ்வசனத்தை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்த சொல் மனத்தில் தங்கிவிடும். பயணத்தையும் மீனையும் மார்க்கம் ஒரே வசனத்தில் இணைத்துப் பேசியிருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

மூஸா நபி (அலை) அவர்கள் இரு கடல்கள் கூடுமிடத்தைத் தேடிப் புறப்பட்டபோது கட்டுச்சாதமாகக் கொண்டு சென்றதும் மீனே. அது கடலில் நழுவிய இடமே அவர்கள் தேடிய இடமாயிற்று என்பதைப் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மனைவி மக்களோடு வெளியே சென்று மகிழ்வதை மார்க்கம் வெறுத்திருந்தால் இச்செய்தி நமக்கு வந்து சேர்ந்திராது.

பாலக்கோட்டாருக்கு அண்மையிலுள்ள மீன் தலம் ஒகேனக்கல். பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அது நமக்கு அயலூரும் அன்று. பஞ்சப்பள்ளி அணையில் நாம் தேக்கிப் பாசனத்துக்கு எடுக்கும் சின்னாற்றின் எஞ்சிய நீர், ஒகேனக்கல் அருகே காவிரியோடு சேர்கிறது. நம் வயலைத் தொட்ட நீரைத் தொடர்ந்து சென்றாலே அருவியை அடைந்துவிடலாம்.

அங்கே விற்கும் மீன்களின் வரலாறும் சுவையானது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளியின் கெண்டைகள். மனிதர் கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி மீனோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காவிரிக்கே உரிய திமிலுடைய மஹ்சீர் கெண்டை இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வந்த விருந்தினர் பெருக, வீட்டுக்குரியவன் குறைந்துவிட்ட கதை அது.

ஒகேனக்கல்லில் நமக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. மீனை நாமே வாங்கிக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் கூலிக்குக் குழம்பு வைத்தும் வறுத்தும் தருவார்கள். இதை நாம் சிறப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பத்தோடு உல்லாசப் பயணம் என்று புறப்படுவோர் பலர் அடுப்பு, அண்டா, மசாலா, அரிசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுகின்றனர். ஆண்கள் நீராடுவர், பிள்ளைகள் பரிசலில் சுற்றுவர், பெண்கள் பாறைமேல் அடுப்பு மூட்டிப் புகையில் கண் கலங்குவர். வீட்டுச் சமையற்கட்டையே வெயிலுக்குக் கொண்டு வருவதில் அவர்களுக்கு என்ன ஓய்வு? ஒருமுறை நம் துணைவியார், “பிள்ளைகளுக்கு லீவு, உங்களுக்கும் மதரஸா லீவு. என் அடுப்புக்கு மட்டும் லீவு இல்லையா?” என்று கேட்டார். அன்றுமுதல் மீன் சமைக்கும் கூலி நம் பயணச் செலவில் முதற் செலவாகிவிட்டது. ஓர் ஏழைப் பெண்ணுக்கு அன்றைய வருவாய். வீட்டுப் பெண்ணுக்கு அன்றைய ஓய்வு.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் அறுப்பின் சட்டம் உண்டு. யார் அறுத்தார், அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மீனுக்கு அறுப்பு இல்லை. பிடித்தவர் எச்சமயத்தவராயினும், சமைத்தவர் எச்சமயத்தவராயினும் மீன் நமக்கு ஆகும். வழிப்போக்கனாகிய முஸ்லிம், அயலார் கையால் ஐயமின்றி உண்ணக்கூடிய அசைவம் இதுவே. அறுப்பு அறியப்படாத கோழியைப் பொரித்த எண்ணெயில் மீனைப் போடாமலிருக்கும்படி முன்னரே பணிவாகச் சொல்லிவிட்டால் போதும். சொன்னபோதெல்லாம் அப்பெண்கள் முகம் கோணாமல் வேறு சட்டியை எடுத்திருக்கின்றனர்.

காலமறிந்து செல்வதும் கடமை. கருநாடகத்தில் பருவமழை வலுத்து அங்குள்ள அணைகள் திறக்கப்பட்டால், ஒகேனக்கல்லில் வானம் வெளுத்திருந்தும் ஆறு சீறும். அப்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று தடையைத் தாண்டி இறங்குவோரைக் காண்கிறோம். தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாதென்பது குர்ஆனின் கட்டளை. கரையில் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புவதும் பயணம்தான்.

இனிக் கடலுக்கு வருவோம். சேர்வராயன் மலைப்பக்கம் தோன்றும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் அங்கே இருப்பதும் காரணத்தோடுதான். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் கொடுவாவும் மடவையும் செழிக்கும். குர்ஆனின் முப்பத்தைந்தாம் அத்தியாயம் இனிய நீரையும் உவர் நீரையும் அருகருகே வைத்து, இரண்டும் சமமாகா எனினும் இரண்டிலிருந்தும் நீங்கள் புதிய இறைச்சியை உண்கிறீர்கள் என்னும் பொருள்பட நினைவூட்டுகிறது. வெள்ளாற்று முகத்தில் நின்றால் இதற்கு வேறு விளக்கவுரை தேவைப்படாது.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். சம்பந்தியம்மாள் விரித்த ஸுப்ராவில் சங்கரா மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு வறுவல் ஆகியவை இருந்தன. நண்டை மருமகன் பக்கமாகவும் மீனை நம் பக்கமாகவும் வைத்து, தனித்தனிக் கரண்டியும் போட்டிருந்தார். நம் இளைய மகன் பத்து வயதுப் பிள்ளை. அவன் உரத்த குரலில், “அத்தா, நண்டு கூடாதென்று மதரஸாவில் சொன்னீர்களே, மச்சான் மட்டும் சாப்பிடுகிறாரே?” என்று கேட்டுவிட்டான். ஸுப்ராவில் ஒரு கணம் பேச்சு நின்றது. மகள் தலை குனிந்தாள். அவள் அவ்வீட்டில் வாழ வேண்டியவள். நாம் சொல்லும் ஒரு சொல் அவளுடைய நாளைய நாட்களைக் கசப்பாக்கவும் கூடும், இனிப்பாக்கவும் கூடும்.

நாம் அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபு கடல் உணவை ஆகுமாக்கிய வசனத்தை அதன் விரிந்த பொருளில் கொள்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபு, நீர்வாழ்வனவற்றில் மீன் இனத்தை மட்டும் உண்ணத் தகுந்ததாகக் கொள்கிறது. அபூஉபைதா (ரலி) அவர்கள் தலைமையில் சென்ற முந்நூறு தோழர்கள், நாளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்னும் நிலைக்கு வந்தபோது, கரையொதுங்கிய அன்பர் என்னும் பெருமீனை உண்டு பல நாள் பசியாறினர். மதீனா திரும்பியபின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதில் எஞ்சியதைக் கேட்டு வாங்கி உண்டார்கள். ஷாஃபிஈகள் இதைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். அறிவிப்பில் அது மீன் என்றே சொல்லப்பட்டிருப்பதாக ஹனஃபிகள் பதிலிறுப்பர். ஒரே நபிமொழியை இருவரும் அன்போடு ஏந்தி, அதன் பொருளில் பிரிந்திருக்கின்றனர்.

இறாலின் கதை இன்னும் நுட்பமானது. அது மீனா, அன்றா என்பதில் ஹனஃபி ஆலிம்களே வேறுபட்டனர். ஹிஜ்ரி 808இல் காலமான இமாம் தமீரீ, உயிரினங்கள் பற்றிய தம் பெருநூலில் இறாலைச் சிறிய மீன் என்றே குறித்தார். அதனைச் சான்றாகக் கொண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் இறாலை ஆகுமென்றார். வேறு சில பெரியார்கள் பேணுதலாக விட்டுவிடச் சொன்னார்கள். நாம் இறால் உண்பதுண்டு; நம் சகோதரர் உண்பதில்லை. இதனால் நம்மிருவருக்கும் பிணக்கு நேர்ந்ததில்லை.

“ஆகவே மச்சான் சாப்பிடுவது அவர் இமாமைப் பின்பற்றி; நீ சாப்பிடாமலிருப்பது உன் இமாமைப் பின்பற்றி. இருவருமே சரியாகத்தான் நடக்கிறீர்கள்” என்று முடித்தோம். மருமகன் சிரித்து, “மாமா, அப்படியானால் நண்டு முழுவதும் எனக்குத்தான்!” என்றார். மகள் நிமிர்ந்தாள். அவளை உண்ணும்படி அவ்வீட்டார் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அவளும் அவர்கள் உண்பதைக் கண்டு முகம் சுளித்ததில்லை. மத்ஹபைப் பேணுவது எப்படி என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் நாம் ஓதியிருக்கிறோம். சம்பந்தியம்மாள் அதை இரண்டு கரண்டிகளில் காட்டிவிட்டார்.

தொழுகையிலும் இவ்வேறுபாடு பயணத்தில் தலைகாட்டும். ஒகேனக்கல் கஸருடைய தூரத்துக்குக் குறைந்தது. அங்கே நான்கு ரக்அத்தையும் முழுமையாகவே தொழ வேண்டும். பரங்கிப்பேட்டைப் பயணத்தில் கஸர் உண்டு. மருமகன் அவர் மத்ஹபின்படி பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவார். நாம் அதனதன் நேரத்தில் தொழுவோம். வண்டியை அவர் ஓட்டினாலும் அஸருக்கு நமக்காக நிறுத்துவார். இறங்கியவர் பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கோடை விடுமுறையில் கடற்கரைக்குச் செல்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்ட தடை இது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பது காரணம். அந்நாட்களில் நாட்டுப் படகு கொண்டுவரும் சிறிதளவு மீன் விலையேறியிருக்கும். மற்றவை வெளியூரிலிருந்து ஐஸில் வந்தவையாக இருக்கும். “கடற்கரைக்கு வந்தும் மீன் இல்லையா” என்று கடைக்காரரிடம் சினப்பது அறியாமை. வேட்டைக்கு ஒரு தடைக்காலம் என்பது மார்க்கத்துக்குப் புதிதன்று. இஹ்ராம் நிலையில் தரை வேட்டை விலக்கப்பட்டது. ஸப்த் நாளில் மீன் பிடிக்கலாகாதென்னும் கட்டளையைத் தந்திரத்தால் மீறிய கடற்கரையூராரின் கதி ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்நாள் சனிக்கிழமை என்பதை வாரக்கடைசிப் பயணிகளாகிய நாம் நினைவில் வைத்தல் நலம்.

மூத்தவர்களின் இஸ்ராஃப் வினாவுக்கு நம் விடை இதுதான்: பயணம் வீண்விரயமாவது சென்றதனால் ஆகாது, சென்ற இடத்தில் நடந்துகொள்ளும் முறையால் ஆகும். கடன் வாங்கிப் புறப்படுவதும், பாதி மீனை இலையில் விட்டு எழுவதும், 2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளை ஆற்றில் வீசுவதும், வண்டியில் பாட்டுக்கிடையே வக்து தவறுவதும் இஸ்ராஃபைச் சேர்ந்தவை. கையிருப்பு அறிந்து, காலம் அறிந்து, வீட்டுப் பெண்களின் களைப்பும் அறிந்து புறப்படுங்கள். வண்டியில் ஓரிடம் காலியாக இருந்தால், கடலையே காணாத ஒரு முதியவரையோ தந்தையில்லாத ஒரு பிள்ளையையோ அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதனால் உண்டாகும் பரக்கத் ஊர் திரும்பிய பின்னும் உங்கள் வீட்டில் தங்கும், இன்ஷா அல்லாஹ்.